சூடு ஆறாத ஜீப்

இராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட அந்த ஜீப், பதுளையில் சண்முகராஜா முதலாளியின் பழைய வண்டிக் கடைப் பின்புறத்துக்கு வந்த நாள் தொட்டு, ஓட்ட ஆளில்லாமலே ஒவ்வொரு இரவும் வெளியே போய் விடியுமுன் திரும்பி வந்தது. சங்கிலி போட்டுக் கட்டினார். சங்கிலி பூட்டியபடி கிடந்தது, ஜீப் போய் வந்தது. டீசல் கரைவது மட்டுமே அவரை உறுத்தியது. விற்றுத் தொலைக்கவும் வழியில்லை. பழைய வண்டி வாங்க வருகிறவன் முதலில் கை வைப்பது பொனட்டில்தான். தேய்ந்த எஞ்சின் குளிரில் இருமும், புகையும்; அதை மறைக்க, ஆள் வருமுன் சூடாக்கி வைப்பார்கள். அந்த வித்தையைப் பாதி ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே சண்முகராஜாவின் குடும்பம். இந்த ஜீப்போ எந்தக் காலையிலும் சூடாகவே நின்றது. ஆகவே வாழ்க்கையில் முதன்முறையாக அவர் உண்மை பேசியபோது நம்ப ஆளில்லை.

ஜீப் வாங்க வந்த, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் வேன் ஓட்டும் நிரோஜாவும் நம்பவில்லை. மண்சரிவுக்குப் பிறகு அவள் வேன் கீழ் வளைவோடு நின்றுவிடும். போன மழையில் பிரசவ வலி கண்ட பெரியாயியைக் கம்பளியில் தூக்கி இறங்கியபோது, பிள்ளை பாதி வழியில் பிறந்து அங்கேயே அடங்கிப்போனது. இப்போது தங்கை சுபாஜினிக்கு எட்டாம் மாதம். நிரோஜாவுக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. பொனட்டைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"ஏன் முதலாளி, இதுமேல வடை சுட்டீங்களா?"

"சத்தியமா நான் சாவியத் தொடல தங்கச்சி. அதுவா போயிட்டு வந்துச்சு."

"ஆமாங்க, தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கும்."

இரவில் யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் கட்டி, தன்னோடு பஸ்ஸில் கொண்டுபோனாள். மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி வந்து கை வைத்தாள். சூடு. டயரைப் பார்த்தாள். வெள்ளைக்கல் சில்லு கலந்த செம்மண்; அது சரிவு வளைவில் மட்டுமே உண்டு. பம்பரில் சுபாஜினி தன் லயத்து வீட்டு வாசலில் நட்ட செடியின் செவ்வந்திப் பூ ஒன்று சிக்கியிருந்தது. நிரோஜா ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தாள். நேற்று நகத்தால் கீறிய இடத்திலேயே ஒயில் நின்றது. டீசல் குறைந்து ஒயில் குறையாத எஞ்சின், தேயாத எஞ்சின். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை அதன் மேலே பிடித்தாள். தேய்ந்த எஞ்சின் அங்கே சீறும். இது தூங்குகிற பிள்ளை மாதிரி மூச்சுவிட்டது.

"இப்பவாச்சும் நம்புறியா?"

"நம்புறேன் முதலாளி. ராவெல்லாம் எங்க மலையில ஓடியிருக்கு. ஓடித் திரிஞ்ச வண்டிக்கு வெலயக் குறைங்க."

"நான் ஓட்டலியேம்மா!"

"அதுவா போச்சுன்னு சத்தியம் பண்ணது யாருங்க?"

சண்முகராஜா விலையைக் குறைத்தார். உண்மை பேசினால் நட்டம் என்று அவர் அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மலைக்குப் போன பிறகும் ஜீப் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுபாஜினிக்கு வலி எடுக்குமுன்பே அவள் வாசலில் வந்து நின்றது. மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. எங்கே நிறுத்தினாலும் அது வேறு யார் வாசலிலாவது போய் நிற்கிறது. தண்ணீருக்குப் போகும் பெண்கள் போகிற போக்கில் பொனட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சூடாக இருந்தால், அந்த வீட்டுக்காரியிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஆஸ்பத்திரிக்கு அவள் துணிமூட்டையைக் கட்டுகிறார்கள்.