அம்பிகா வைத்த பொட்டு

அரியலூரில் கலைச்செல்வன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஒரு பெருமை உண்டு. ஊரெல்லாம் விண்டோஸ் போட்டிருக்க, அவன் மட்டும் லினக்ஸ் போட்டிருந்தான். ஆதார் பிரிண்ட் எடுக்க வருகிறவரிடம்கூட அதைச் சொல்லாமல் விடமாட்டான். கேட்கிறவர் பாவம், தலையாட்டிவிட்டுப் போவார்.

அவன் உட்காரும் அந்த சிஸ்டத்தின் ஃபேன்தான் விஜயதசமிக்கு மறுநாளிலிருந்து அவன் மானத்தை வாங்கியது. சில சமயம் காரணமே இல்லாமல், சிமெண்ட் லாரி மேடேறுகிற மாதிரி இரையும். பெரிய வேலை கொடுத்தாலோ அடங்கிப்போகும். சூடு தாங்காமல் சிஸ்டமே அணைந்துவிடும். புளோயர் வைத்துத் தூசியை ஊதினான். பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய்ப் புது ஃபேன் வாங்கி வந்து மாட்டினான். அதுவும் அதே ஆட்டம்தான் ஆடியது.

அப்போதுதான் அந்தப் பொட்டு கண்ணில் பட்டது. அவனிடம் வேலை பார்க்கும் அம்பிகா, ஆயுத பூஜையன்று கேபினெட்டின் காற்றுத் துளைகளுக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள்.

"அறிவிருக்கா ஒனக்கு? குங்குமத்த உள்ள கொட்டி மிசினையே பாழாக்கிட்டியே! பொட்டு வெக்கிற எடமா இது?"

கடை நிறைய ஆள். வாத்தியார் மணிவண்ணன்கூட இருந்தார். அம்பிகா துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்தாள். விக்கிரமங்கலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு கேபினெட்டைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை. வேறு வழியில்லாமல், சூட்டை அளக்கும் எந்த சென்சாரைப் பார்த்து ஃபேன் சுற்ற வேண்டும் என்று தானே எழுதி வைத்திருந்த ஃபைலைத் திறந்தான். பிராசஸரின் சென்சாரை அதன் எண்ணால் குறித்திருந்தான். நல்ல நாளாயிற்றே என்று விஜயதசமியன்று அவனே ஓர் அப்டேட் போட்டிருந்தான். மறுநாள் ரீஸ்டார்ட் ஆனபோது எண்கள் இடம் மாறிவிட்டன. பிராசஸர் கொதிக்கக் கொதிக்க, ஃபேன் ஹார்ட் டிஸ்கின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி மாறும் என்று முன்பே எங்கோ படித்தவன்தான். நமக்கெங்கே வரப்போகிறது என்று விட்டிருந்தான். ஒரு வரியைத் திருத்தினான். ஃபேன் சாதுவாகிவிட்டது. அவனுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

காலையில் முதல் வேலையாக அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. எங்கூட்டுக்காரரும் திட்டுனாரு, தெரியாத மிசின்ல ஏன் கை வெச்சேன்னு. இனிமே அது பக்கமே வரமாட்டேன்."

"அதில்ல அம்பிகா..." என்று அவன் ஆரம்பிக்கவும் மணிவண்ணன் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"என்ன கலை, சரியாயிடுச்சா? பொட்டுதான் காரணமா?"

அம்பிகா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். லினக்ஸ் என்று ஓயாமல் பேசிய வாய் அது.

"ஆமா சார். கிளீன் பண்ணிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது. வாத்தியார் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை அம்பிகா வழக்கம்போல் ஊதுபத்தி காட்டினாள். பிரிண்டருக்குக் காட்டினாள், லேமினேஷன் மெஷினுக்குக் காட்டினாள், கல்லாவுக்கும் காட்டினாள். அவன் சிஸ்டத்தருகே வந்ததும், புகை அந்தப் பக்கம் போய்விடாமல் கையால் மறைத்துக்கொண்டு, ஒதுங்கி நடந்தாள். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கலைச்செல்வன் தலையை நிமிர்த்தவில்லை.