மலையை அறுத்த கதை

1

இந்தக் கதை முழுவதையும் நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். வியப்பினால் அல்ல, கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓட்டை.

பல் டாக்டர் ஒரு கையில் குட்டிக் கண்ணாடியும் மறு கையில் கொக்கியுமாக என் மேல் கவிழ்ந்திருந்தார். கன்னத்துக்குள் பஞ்சு உருளை, நாக்கடியில் எச்சில் உறிஞ்சும் குழாய். அந்த நிலையில் மனிதனால் சொல்ல முடிந்த ஒரே சொல் "ஆங்". டாக்டர் அதை 'மேலே சொல்லுங்கள், மிகவும் சுவாரசியமாக இருக்கிறது' என்று மொழிபெயர்த்துக்கொண்டார். முப்பது வருடங்களாக ஊரில் பாதிப் பேரிடம் இப்படித்தான் பேசிவருகிறார். ஒருவரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. தன்னைப்போல ஒரு நல்ல பேச்சுத் துணை கிடையாது என்று அவர் நம்புவதில் தப்பே இல்லை.

நான்கு தடவை போனேன். பல் அடைபட்டது, கதை திறந்துகொண்டது. (இந்த வாக்கியத்தை அடித்துவிட நினைத்தேன். எழுத்தாளனுக்கும் பலவீனம் உண்டு.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அதிகாலைப் பனியில் அந்த ரயில் நிலையம் உறங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு அப்பாலிருந்து சரக்கு ரயில் ஒன்று கூவியது. நடைமேடையில் ஒருவரும்—"

பத்து வரி கழித்து, 'ஐயோ பாவம் வாசகரே, இது பொம்மை ரயில்!' என்று முகமூடியைக் கழற்றுவதாகத் திட்டம். என் எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலேயே இந்த வித்தை இருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

அடுத்தது: "மனிதன் ஏன் உலகத்தைச் சிறிதாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறான் என்பது ஆழ்ந்து—"

எனக்கே கொட்டாவி வந்தது.

ஆகவே மூன்றாவது. ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகிப் போன ஆறாம் மாதம், மாடியில் இருந்த அவளுடைய அறையில் அவர் ரயில் விட்டார்.

3

பொம்மை என்று சொன்னால் டாக்டருக்குக் கோபம் வரும். "மாடல்" என்பார். நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது அங்கே ஒரே ஒரு அடி. கட்டிலை ஓரமாக நகர்த்தி, அதன் மேலும் இரண்டு முக்காலிகளின் மேலுமாகப் பலகைகளை அங்கேயே ஒட்டிச் சேர்த்து ஒரே பலகையாகப் போட்டார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். அதில் ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு ஆறு, நட்டநடுவில் குகை வைத்த மலை. சுற்றிலும் நாற்பத்திரண்டு சரக்கு வேகன்கள்.

வேகன்கள் கடையிலிருந்து பளபளவென்று வரும். டாக்டருக்கு அது பிடிக்காது. "ஓடின வண்டி மாதிரியா இருக்கு? ஷோ கேஸ்ல நிக்கற மாதிரி இருக்கு!" முதலில் மினுமினுப்பு போக மங்கல் வார்னிஷ். பிறகு நான்கு விதப் பழுப்பு. ஸ்பாஞ்சைக் கிள்ளி, பெயின்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு, மிச்சத்தை வேகனின் விளிம்பில் தட்டினால் துரு. டூத் பிரஷ்ஷை நனைத்துக் கட்டைவிரலால் சுண்டினால் சக்கரத்தில் சேறு. பல் நோண்டும் கொக்கியால் கீறினால் பத்து வருடத்துச் சிராய்ப்பு. பகலெல்லாம் ஊராரின் பழைய பற்களைப் புதுசாக்கிவிட்டு, சாயங்காலம் மாடிக்குப் போய்ப் புது வேகன்களைப் பழசாக்கிக்கொண்டிருந்தார்.

மலை தனிக் கதை. கம்பி வலையை வளைத்து, அதன் மேல் காகிதம் காகிதமாக ஒட்டி, மேலே பல் அச்சு எடுக்கும் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். காய்ந்தபின் காப்பித்தூள் நிறம், அதன் மேல் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். புல்லாம். ஐந்து மாதம் ஆயிற்று. பூமி கூட அவ்வளவு நிதானமாக மலை செய்திருக்காது.

(மூன்றாம் பகுதியை எழுதும்போது என் மனைவி அறை வாசலில் நின்று ஏதோ சொன்னாள். "ம்ம்" என்றேன். நல்ல வாக்கியம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பூமி வாக்கியம்தான். இப்போது படித்தால் அவ்வளவு நன்றாக இல்லை.)

4

மகள் ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். கட்டட வரைபடம் போடுபவள், வயது முப்பத்து நான்கு. புருஷனைப் பற்றி அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே அங்க போக மாட்டேன்."

டாக்டரின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. மறுகேள்வி கேட்காமல் பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தார். டாக்டர், "வாம்மா, இளைச்சுட்டியே" என்றார். பிறகு, "மேல ஜாக்கிரதை, ஆறு இன்னும் ஈரம்" என்றார்.

மகள் கூடத்து சோஃபாவில் படுத்துக்கொண்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம். அடுத்த மாதம் மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சி. போன வருடம் வெறும் வேகன்களைக் கொண்டுபோய் ஆறுதல் பரிசு வாங்கியிருந்தார். இந்த வருடம் முழு மலையோடு போய் இறங்குவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார், வாய் திறந்த எல்லாரிடமும்.

இருபதாம் நாள் தலைமையாசிரியை மாடியேறி வந்தார்.

"பொண்ணு சோஃபாவுல படுத்திருக்கா. உங்க கூட்ஸ் வண்டி அவ கட்டில்ல படுத்திருக்கு. பாக்க நல்லாவா இருக்கு?"

"குகை காயட்டும். கண்காட்சிக்குக் கொண்டுபோனதும் ரூம் தன்னால காலியாயிடும்."

"எப்படிக் கொண்டுபோவீங்க?"

"நாலு ஆளு பிடிச்சு."

"எந்த வழியா?"

டாக்டர் கதவைப் பார்த்தார். இரண்டே முக்கால் அடி அகலம், ஆறரை அடி உயரம். பலகையைப் பார்த்தார். படுக்கப் போட்டாலும் போகாது, நிமிர்த்தினாலும் போகாது. ஜன்னலில் கம்பி. வீட்டுக்குள் உரலைக் கொத்தியவன் வாசலை அளக்காத கதைதான். எண்பத்தேழில் ஒரு பங்கு என்று மில்லிமீட்டர் கணக்கில் வாழ்ந்த மனிதர், தன் வீட்டுக் கதவை மட்டும் ஒரு தரம்கூட அளந்து பார்க்கவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு சங்கடம். மகளை எனக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் சொன்னதில் அவள் வந்தாள், படுத்தாள், எழுந்தாள். அவள் சோஃபாவில் என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அதில் மின்விசிறி சுற்றியது, அவள் கண்ணோரம் ஈரம், தூரத்தில் ஒரு பறவை. படித்துப் பார்த்தேன். என் கதைகளில் எந்தப் பெண் படுத்தாலும் அதே மின்விசிறிதான் சுற்றுகிறது. எடுத்துவிட்டேன். அவள் பேசுகிற இடம் வரும்போது பேசட்டும்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சர் வந்தார். அவரைத் தலைமையாசிரியை வரச் சொன்னது பலகையை அறுக்க. டாக்டர் மாடிப்படியிலேயே மடக்கி, கதவு நிலையைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார். தச்சர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நிலையை எடுத்தா மேல இருக்கறதும் கூடவே வரும் சார். அப்புறம் வீட்டுக்குள்ள மலை இருக்காது, மலைக்குள்ள வீடு இருக்கும்" என்றார்.

சரி, அறுப்பதுதான். எங்கே?

டாக்டர் சாக்கட்டியை எடுத்தார். ஆற்றங்கரையில் ஆரம்பித்தார். பாலத்தைத் தொடாமல் ஒதுங்கி, ஸ்டேஷனைச் சுற்றி, சிக்னல் கம்பத்துக்கு வழிவிட்டு, மலையடிவாரத்தில் அரைவட்டம் அடித்து, ஒரு வழியாக மறுபக்கம் வந்து சேர்ந்தார்.

தச்சர் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "சார், என் கையில இருக்கறது ரம்பம். பாம்பு இல்ல."

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. தச்சரின் இரும்புச் சட்டத்தை வாங்கினாள், இரண்டு ஓரத்திலும் அளந்தாள், வைத்தாள், கோடு போட்டாள். ஒரே கோடு.

"நாலரை அடி இந்தப் பக்கம், நாலரை அந்தப் பக்கம். சாய்ச்சா வெளிய போயிடும்."

"நடுவுல மலை இருக்கேம்மா!"

"ஆமாப்பா. மலைதான் நடுவுல இருக்கு."

"அஞ்சு மாசம்மா..."

டாக்டர் ஊசி போடும்போது எல்லா நோயாளிக்கும் ஒரு வசனம் சொல்வார். எனக்கும் சொன்னார். மகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அப்பாவின் தோளைத் தொட்டு அதையே சொன்னாள்: "சுருக்குனு இருக்கும். எறும்பு கடிச்ச மாதிரி. அவ்வளவுதான்."

7

நாற்பத்திரண்டு வேகன்களையும் கீழே இறக்கி வைத்தபின் ரம்பம் நுழைந்தது. மரத்தூள் புல் பறந்தது, சுண்ணாம்பு பொரிந்தது. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஊரார் கடைவாய்ப் பல்லைச் சிரித்துக்கொண்டே பிடுங்குகிறவர்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை நமக்குத் தெரியும். இங்கே மலை இரண்டாகப் பிளந்தபோது வந்தது எலி அல்ல.

கம்பி வலைக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே அடுக்கடுக்காக ஒட்டியிருந்த காகிதங்கள், வெட்டுப்பட்ட இடத்தில் பிரிந்து தொங்கின. தடித்த காகிதம். ஓரத்தில் தங்கப் பூவேலை. மகள் குனிந்து ஒன்றைப் பிய்த்தெடுத்தாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று. அதுவும். மலை முழுக்க அதுதான். மிஞ்சிப்போன இருநூறு பத்திரிகைகள், மணமகன் பெயரும் மணமகள் பெயரும் பசையில் ஊறி, குகைக்கு மேலே பாறையாகக் கெட்டிப்பட்டிருந்தன.

(நானே சொருகியது என்று நினைப்பீர்கள். இல்லை. சொந்தமாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வைக்க எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். நிஜத்துக்குத்தான் அந்த வெட்கம் கிடையாது.)

"நியூஸ் பேப்பர் நிக்கலை. இது நல்ல கெட்டிக் காகிதம்..." என்று டாக்டர் இழுத்தார். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். தச்சர், ரம்பத்தில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

மகள் சிரித்தாள். வந்த இருபத்தைந்து நாளில் முதல் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"போகட்டும்ப்பா. எதுக்காவது உபயோகப்பட்டுச்சே!"

தச்சரும் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரிக்க முயன்றார். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"போன வருஷம் ஒரு நாள் போன் பண்ணேனே, ஞாபகம் இருக்காப்பா?"

"எந்த நாள்மா?"

"துரு எப்படி அடிக்கறதுன்னு சொன்னீங்களே, அந்த நாள்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா! ஸ்பாஞ்சைக் கிள்ளி..."

"பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன். வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கத்தான் பண்ணேன். நீங்க சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. அப்புறம் 'வெக்கட்டுமா, பெயின்ட் காயுது'ன்னு வெச்சுட்டீங்க. நான் திரும்பிப் போயிட்டேன்."

திரும்பிப் போய் அங்கே ஒரு வருடம் இருந்திருக்கிறாள்.

இந்த இடத்தில் அவள் கத்தினாள் என்று எழுத எனக்குக் கை துடித்தது. இல்லையாம். மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது டாக்டரின் கை என் வாய்க்குள் அப்படியே நின்றது. கொக்கி நாக்கில் குளிர்ந்தது.

8

இனி முடிவு. என்னிடம் இரண்டு தயாராக இருக்கின்றன.

ஒன்று: பாதி மலை கண்காட்சிக்குப் போகிறது. நடுவர் பிளவை உற்றுப் பார்த்து, "பாறை அடுக்குகள் தத்ரூபம்" என்று முதல் பரிசு கொடுக்கிறார். நல்ல கேலிதான். ஆனால் பாதி மலை டாக்டரின் கிளினிக் வராந்தாவிலும் மீதி கார் ஷெட்டிலும் நிற்கின்றன. கண்காட்சிக்கு அவர் போகவில்லை.

இரண்டு: மருமகன் வாசலில் வந்து தலை குனிந்து நிற்கிறார். பத்திரிகைக் கதைகளுக்கு ஏற்ற முடிவு. மன்னிக்கவும், அந்த ஆள் என் கதைக்குள் கால் வைக்க முடியாது. அவள் ஒரு வருடம் கூடுதலாகவே கொடுத்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அன்று மத்தியானம் அறையைக் கூட்டிக் கழுவி, கட்டிலைப் பழைய இடத்தில் போட்டார்கள். நாலு மணி வாக்கில் டாக்டர் மாடியேறினார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"வாங்க."

உள்ளே போய் நின்றார். "அம்மா, நான் அன்னைக்கு என்ன நினைச்சேன்னா..." என்று ஆரம்பித்தார்.

மகள் நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்கப்பா. நான் சொல்றேன். நடுவுல பேசக் கூடாது."

உட்கார்ந்தார்.

இதோடு என் பல்லும் முடிந்தது. குழாயை எடுத்தார், பஞ்சை எடுத்தார். நான்கு தடவையில் முதன்முதலாக எனக்கு வாய் கிடைத்தது. உடனே கேட்டேன்: "என்ன சொன்னாங்க டாக்டர்?"

ஆற்றின் ஈரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்ன மனிதர், கையுறையைக் கழற்றிப் போட்டார்.

"அது அவ என்கிட்ட சொன்னது" என்றார். "ரெண்டு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் கடிக்காதீங்க."

கதாசிரியனுக்கு எரிச்சலாக இருக்காதா? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் என்னைப் போலவே பேசுகிறாள். அதனால் அந்த மத்தியானத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். விளக்குப் போடும் நேரம்வரை பேசினாளாம், அது மட்டும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது ஒருவர் குரலில் எழுதிக்கொள்ளுங்கள். அழ வையுங்கள், சிரிக்க வையுங்கள், திட்ட வையுங்கள், உங்கள் இஷ்டம். டாக்டர் நடுவில் வாயைத் திறப்பார், பழக்கதோஷம். திறக்க விடாதீர்கள்.