எழுப்பச் சொல்லாத வரி

நன்னிலத்து உழவர் குழு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஃபிளோராவுக்கு அங்கிருந்த சின்னக் கம்ப்யூட்டரைத் தூசி துடைக்க மட்டும்தான் தெரியும். வடிகால் பாலத்தடியில் உள்ள கருவி நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் சொல்ல, அந்தக் கம்ப்யூட்டர் நாற்பத்தாறு விவசாயிகளின் போனுக்குத் தகவல் அனுப்பும். ஏறுகிறதென்றால் உடனே அவர்கள் வயலின் மடையை அடைத்துவிடுவார்கள். வடிகால் தண்ணீர் எதிர்த்து வயலுக்குள் ஏறாது. அமைத்துக் கொடுத்தவன் அவள் தம்பி கிளாட்சன். இப்போது சரக்குக் கப்பலில் நடுக்கடலில் இருந்தான். போன் கிடைக்காது.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை. கரண்ட் இல்லாமல் இன்வெர்ட்டரும் இறங்கி, எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தது. காலையில் கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொண்டது. தகவல்தான் போகவில்லை.

மத்தியானம் இராஜாங்கம் சொட்டச் சொட்ட வந்தார். வடிகாலை ஒட்டிய தாழ்ந்த நிலம் அவருடையது. சம்பா நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தகவல் வராததால் வடிகாலில் தண்ணீர் ஏறவில்லையென்று நம்பி மடையைத் திறந்தே வைத்திருந்தாராம்.

ஃபிளோரா, தம்பி தாளில் எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்து, தகவல் அனுப்பும் புரோகிராமை இயக்கும் சர்வீஸ் ஃபைலைத் திறந்தாள். மொத்தம் ஏழே வரி. ஒவ்வொரு வரிக்கும் போனில் அர்த்தம் தேடினாள். எந்த புரோகிராமை ஓட்டுவது, எதற்குப் பிறகு ஓட்டுவது, நின்றால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. கம்ப்யூட்டர் எழும்போது இதையும் சேர்த்து எழுப்பு என்று சொல்லும் வரி மட்டும் இல்லை. அமைத்த அன்றைக்குக் கிளாட்சன் கையால் கிளப்பிவிட்டுப் போனதுதான், இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

அந்த வரியை எழுதினாள். சேமிக்க அனுமதி இல்லை என்றது. கையால் கிளப்பப் பார்த்தாள், பாஸ்வேர்டு கேட்டது. அம்மா பெயர், கப்பல் பெயர், தன் பிறந்த நாள் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். எதற்கும் மசியவில்லை.

"என்ன கோளாறுன்னு புரியுதாம்மா?" என்றார் இராஜாங்கம்.

"புரியுதுங்க. தொடத்தான் விட மாட்டேங்குது. நீங்க நிக்காதீங்க, போய் மடையை அடைங்க."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஃபிளோரா விவசாயிகள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தாள். பத்தொன்பது பேர் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு டவர் இல்லை. இருட்டும் முன் இராஜாங்கமே கூப்பிட்டார். வரப்பு தெரியவில்லை, மடை எங்கே என்று தடவிக்கொண்டு நிற்கிறேன் என்றார்.

தண்ணீர் வடிய எட்டு நாள் ஆனது. இராஜாங்கத்தின் பயிர் அழுகிப்போயிற்று. ஒன்பதாம் நாள் ஏதோ துறைமுகத்திலிருந்து கிளாட்சன் பேசினான். ஃபிளோரா விஷயத்தைச் சொன்னாள். "அந்த வரியப் போட மறந்துட்டேன்க்கா" என்றான். பிறகு பாஸ்வேர்டைச் சொன்னான்.

அவள் அந்த வரியைச் சேர்த்துக் கிளப்பினாள். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த இராஜாங்கத்தின் போனுக்கு, நீர்மட்டம் இறங்கிவிட்டதென்று உடனே தகவல் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யார்ட்டயாவது நாத்து மிச்சமிருக்கான்னு கேட்டுச் சொல்றியாம்மா" என்றார்.