வஜிஹா வாங்கிய ஹார்ட் டிஸ்க்

1997. ஜூஜுவாடியில் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வஜிஹாவுக்குப் பராமரிப்பு வேலை. சி.என்.சி. லேத்துகளுக்குப் புரோகிராம் அனுப்புகிற பழைய லேப்டாப் அன்று காலை டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. புரோகிராம்களும், அவற்றை அனுப்பும் சாஃப்ட்வேரும் ஃபிளாப்பிகளில் பத்திரமாக இருந்தன. ஆனால் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினால்தான் அந்த சாஃப்ட்வேர் ஓடும். அந்த டிஸ்க்தான் செத்திருந்தது.

சூப்பர்வைசர் அழகர்சாமி தலையில் கைவைத்தார். "புது லேப்டாப் வர ஒரு மாசமாகுமேம்மா!"

"டிஸ்கை மட்டும் மாத்திரலாம் சார். நானே போய்ப் பாத்து வாங்கியாறேன்."

லேப்டாப்பையும் ஃபிளாப்பிகளையும் பையில் போட்டாள். அளவெடுக்க ஒரு வெர்னியரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த திம்மப்பன் மூன்று டிஸ்குகளை எடுத்து வைத்தார். நாலு ஜி.பி. டிஸ்கின் தடிமன் பதினேழு மில்லிமீட்டர், செத்துப்போனதோ பன்னிரண்டரை. உள்ளேயே போகாது. பிரித்துப்போட்ட லேப்டாப்பிலிருந்து எடுத்த 340 எம்.பி. டிஸ்க் பொருந்தியது. புத்தம்புது இரண்டு ஜி.பி.யும் பொருந்தியது.

"பழசையே எடுத்துக்கம்மா," என்றார் திம்மப்பன். "உன் லேப்டாப்புக்கு ஐந்நூறு எம்.பி.க்கு மேல கண்ணு தெரியாது. மீதி ஜாகா வேஸ்ட்டு."

"எங்க புரோகிராம் மொத்தமும் அஞ்சு எம்.பி.கூட வராதுங்ணா. ஜாகா வேணாம், இன்னொருக்கா செத்துப்போவாம இருந்தா போதும். புதுசே குடுங்க. இங்கயே போட்டுப் பாத்துர்றேன்."

மாட்டி சுவிட்சைப் போட்டதும், டிஸ்கின் அளவு பிடிபடாமல் திரை அப்படியே உறைந்தது. திம்மப்பன் உதட்டைப் பிதுக்கினார். வஜிஹா டிஸ்கைக் கழற்றி, லேப்டாப்பின் செட்டப்புக்குள் நுழைந்து, அது தாங்கும் உச்ச அளவைத் தானே எண் எண்ணாகத் தட்டினாள்: சிலிண்டர் 1023, ஹெட் 16, செக்டர் 63. மறுபடி மாட்டி, லேப்டாப்பைக் கிளப்பும் டாஸ் ஃபிளாப்பியைச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

திரையில் 504 எம்.பி. என்று வந்தது.

"வந்துருச்சுங்ணா!" அவள் போட்ட கூச்சலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அரே, கெட்டிக்காரி!" திம்மப்பன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

அங்கேயே ஃபார்மட் செய்து ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தொழிற்சாலைக்குத் திரும்பி, மூன்று மணிக்கு லேத்தின் கேபிளைச் செருகியபோது ஷிஃப்டே அவளைச் சுற்றி நின்றது. வரிகள் ஓடின. பச்சை விளக்கு எரிந்தது. கூலன்ட் எண்ணெய் பீச்சியடிக்க, லேத் சுழன்றது.

"ஓட வெச்சுப்புட்டியே தாயி!" என்றார் அழகர்சாமி.

முதல் ஷாஃப்ட்டை எடுக்க ஆபரேட்டர் கை நீட்டுவதற்குள் வஜிஹா பாய்ந்து எடுத்துவிட்டாள். இளஞ்சூடாக, எண்ணெய் வழிய, பளபளவென்று இருந்தது அது.