காப்பி குடிக்காத ஏஞ்சல்

காப்பிக் கம்பெனியில் முப்பது லட்சம் போட வந்த மனிதர், முன்னால் வைத்த காப்பியைத் தொடவில்லை.

ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடை கிராமத்து அத்தாயி வீட்டுக் கூடத்தில் அரைமணி நேரமாக இதுதான் விவகாரம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருந்த அங்கப்பன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போன வருஷம் எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை, எந்த ஊரில் எவ்வளவு விற்றது என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளர் பக்கம் மட்டும் கண் போகவில்லை.

"எடுத்துக்கோங்க சார், ஆறிப்போவுது," என்றாள் சிவசக்தி.

"சர்க்கரை இருக்குதுங்க அம்மிணி. டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டாரு."

சிவசக்தியின் மாமியார் அத்தாயி, சர்க்கரை போடாமல் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். பால் ஒத்துக்கொள்ளாது என்றார். பாலில்லாமல் மூன்றாவது வந்தது. இன்றைக்கு விரதம் என்றார். என்ன விரதம் என்று கேட்க அத்தாயி வாயைத் திறந்தாள். சிவசக்தி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைக்கு ஒரு விசேஷமும் இல்லை.

சாதி என்ற சொல்லை இந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் வாயால் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வேலையை வயிற்றிடம் விட்டுவிடுகிறார்கள். மலைக்காரர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அங்கப்பன் சொன்னாரா? சொல்லவே இல்லை. சர்க்கரை, பால், விரதம் என்று மூன்று படி ஏறி நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

வாசல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் கையிலும் காப்பி இருந்தது. பேப்பர் கப்பில்.

அந்தக் கப்புக்கு ஒரு கதை உண்டு. கொரோனா வந்தபோது, எல்லோருக்கும் நல்லது என்று அத்தாயி சந்தையிலிருந்து ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கிவந்தாள். கொரோனா போய்விட்டது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் திரும்பி வந்தது. நாகலூர் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டிலிருந்து வரும் பிரிஸ்கில்லாவுக்கு மட்டும் கப் நிலைத்துவிட்டது. அத்தாயி அன்பாகத்தான் கொடுப்பாள், நிறையவே ஊற்றுவாள், "குடி கண்ணு, உனக்கோசரம் ஸ்ட்ராங்கா போட்டேன்" என்பாள். சிவசக்தி அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்ப்பாள்.

கம்பெனி சிவசக்தியும் பிரிஸ்கில்லாவும் சேர்ந்து தொடங்கியது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மலை விவசாயிகளிடம் காப்பிப் பழம் வாங்கி, காயவைத்து, வறுத்து, 'இருபதாம் வளைவு' என்று பெயர் போட்டுப் பாக்கெட்டில் விற்றார்கள். வறுப்பது பிரிஸ்கில்லா. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டருக்குக் கீழே பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். வறுக்கும் கொட்டகை அத்தாயி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. சமையலறை வழியாகப் போனால் பத்தடி தூரம். எல்லோரும் அப்படித்தான் போவார்கள். பிரிஸ்கில்லா மட்டும் வீட்டைச் சுற்றி, சேற்றுச் சரிவில் வழுக்கி வழுக்கிப் போக வேண்டும். தன் சொந்தக் கம்பெனிக்குள் ஒருநாளாவது நேர்வழியில் நடந்து போக வேண்டும் என்பது அவள் ஆசை. வெளியே சொன்னதில்லை.

பெரிய வறுக்கும் மெஷின் வாங்க ஏஞ்சல் இன்வெஸ்டரைப் பிடிக்கலாம் என்றபோது, பிரிஸ்கில்லாவின் அம்மா மரியபுஷ்பம்தான் ரொம்ப சந்தோஷப்பட்டவள்; ஏஞ்சல் என்றால் அவளுக்குச் சம்மனசு, தேவதூதர். புதுத் தொழிலுக்குத் தன் கைக்காசைப் போட்டு, பதிலுக்குக் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்கிறவர்கள் என்று மகள் விளக்கியதும் முகம் மாறியது.

"காவல் சம்மனசு சும்மாவே காப்பாத்துது. இந்தச் சம்மனசு இருபது பர்சன்ட் கேக்குதா?"

இப்படிப் பணம் போடுகிறவர்கள் கூடிய சேலத்துக் காலேஜ் ஹால் ஒன்றில், ஆளுக்கு ஏழு நிமிஷம் பேசச் சொன்னார்கள். பேசினார்கள். முதல் ஏஞ்சல், "உனக்குக் கல்யாணமாயிட்டா கம்பெனிய யாரும்மா பாப்பாங்க?" என்று பிரிஸ்கில்லாவைக் கேட்டார். "உங்களுக்குக் கல்யாணமாயிருச்சுங்களா சார்? உங்க கம்பெனிய யாருங்க பாக்கறாங்க?" என்றாள். அந்த ஏஞ்சல் பறந்துபோனது. இரண்டாவது ஏஞ்சல், பாதிக்கு மேல் பங்கு கேட்டது. மூன்றாவதுதான் அங்கப்பன். லாரிக்குப் பாடி கட்டிச் சம்பாதித்தவர். நூற்றுக்கு இருபது பங்கு போதும் என்றார், வந்து பார்க்கிறேன் என்றார். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அதற்குள் மெஷின் வராவிட்டால் விவசாயிகள் பழைய வியாபாரியிடமே போய்விடுவார்கள், கம்பெனியை மூட வேண்டியதுதான்.

வந்து பார்த்த அங்கப்பனுக்குக் கணக்கு பிடித்துவிட்டது. ஒப்பந்தம் எழுதி அனுப்புங்கள், ஆடிட்டரிடம் காட்டிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டிரைவர் உள்ளே வந்து, ஆறிப்போன மூன்று டம்ளரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்து முடித்தார்.

"அருமையான காப்பிங்க. அய்யா மலை மேல எந்த ஊட்டுலயும் கை நனைக்க மாட்டாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

கார் வளைவு திரும்புகிற வரைதான் அத்தாயி பொறுத்திருந்தாள்.

"எங்க ஊட்டுக் காப்பி வித்து வர்ற லாவம் மட்டும் அந்தாளுக்கு இனிக்குமா? மூணு தடவ போட்டேன், மூணு தடவ. நாங்க மனுசங்க இல்லியா? இந்த ஊட்டுக்கு வந்துட்டு ஒரு டம்ளரத் தொடாமப் போறான்னா, என் மூஞ்சில துப்புன மாதிரி இருக்குது. உனக்குத் தெரியாது பிரிசு, அந்த வலி வேற."

பிரிஸ்கில்லா பேப்பர் கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆமாங்கம்மா. எனக்கெப்படித் தெரியுமுங்க."

"அந்தாள் இங்க வந்து காப்பி குடிக்கோணும்னு பத்திரத்துலயே எழுதிப்போடு. குடிக்காட்டி இங்க பேச்சே இல்லைனு எழுது."

"எழுதிப்போடலாமுங்க," என்றாள் பிரிஸ்கில்லா.

இரண்டு நாளில் எழுதிக்கொண்டு வந்தாள். கொட்டகை அத்தாயியின் நிலத்தில் இருந்ததால் அவளும் ஒரு பங்குதாரர், பத்து பங்கு. அவளுக்குப் படித்துக் காட்டாமல் முடியாது. பதினோராவது ஷரத்து வந்ததும் பிரிஸ்கில்லா நிறுத்தி நிதானமாகவே படித்தாள்:

"கம்பெனிக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பங்குதாரர்கள் வீட்டில் முறை வைத்து நடக்கும். அதிகப் பங்கு உள்ளவர் வீட்டில் முதலில். வருகிற எல்லோரும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பாத்திரத்தில், அந்த வீட்டார் தரும் காப்பியைக் குடித்துத் தரம் பார்க்க வேண்டும். குடிக்காதவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை."

அத்தாயி தொடையில் தட்டிச் சிரித்தாள். அங்கப்பன் தன் கூடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மடக்மடக்கென்று குடிக்கும் காட்சி கண்ணில் நின்றது. மற்றதெல்லாம் ஒரு காதில் விழுந்து மறு காதில் போயிற்று.

"வெச்சியே ஆப்பு. இதுதாண்டி படிப்பு," என்று கையெழுத்துப் போட்டாள்.

சிவசக்திக்குப் புரிந்துவிட்டது. தோழியை நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மாமியார் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

ஒப்பந்தம் போய்ச் சேர்ந்த மறுநாளே அங்கப்பன் பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, எல்லாம் சரிங்க. அந்தப் பதினொண்ணு எதுக்குங்க?"

"காப்பிக் கம்பெனிங்க சார். காப்பி எப்படி இருக்குதுன்னு பாக்கோணுமுங்களே."

"அதை எடுத்துருங்க. நான் இருபதுக்குப் பதிலா பதினெட்டு எடுத்துக்கறேன்."

அடுத்த நாள் பதினாறுக்கு இறங்கினார். அதற்கடுத்த நாள் பதினைந்து. "இன்னும் ரெண்டு நாள் பேசாம இருடி, பங்கே வேண்டாம்னுருவாரு," என்றாள் சிவசக்தி. ஆனால் பிரிஸ்கில்லா விளையாடவில்லை. இருபது பங்கே எடுத்துக்கொள்ளட்டும், ஷரத்தை ஏன் எடுக்க வேண்டும் என்ற காரணத்தை மட்டும் எழுத்தில் தரட்டும் என்று ஆடிட்டருக்கு ஒரு மெயில் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. கையெழுத்து வந்தது. கூடவே அவர் தரப்பில் ஒரு ஷரத்தும் வந்தது: பங்கு எவ்வளவானாலும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. பிரிஸ்கில்லா தாராளமாகச் சம்மதித்தாள்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். அதிகப் பங்கு பிரிஸ்கில்லாவுடையது என்பதால், நாகலூர் லைன் வீடு. முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மெஷினை எங்கே வைப்பது? சேலத்தில் தன் குடோனில் வைத்து, கம்பெனி தனக்கு வாடகை தர வேண்டும் என்பது அங்கப்பன் எண்ணம். தன் கொட்டகையை விட்டு அசையக் கூடாது என்பது அத்தாயி பிடிவாதம். நாகலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் மாவு மில்லை எடுக்கலாம் என்றாள் பிரிஸ்கில்லா. ரோட்டைப் பார்த்த வாசல், நேரே உள்ளே நடக்கலாம்.

மரியபுஷ்பம் விடியற்காலையிலிருந்து டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். நாற்காலி போதவில்லை என்று மாதா கோயிலிலிருந்து இரண்டு வாங்கிவந்தாள். வாசற்படி வரை வந்த அத்தாயி, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எதிரே அங்கப்பன், அவரும் நுனியில்தான்.

காப்பி வந்தது. அன்று காலை பிரிஸ்கில்லா வறுத்த கொட்டை. வாசனை தெரு வரைக்கும் போயிற்று.

"வளைவு ஏறுனதுல தலை சுத்துதுங்க," என்றார் அங்கப்பன்.

"எனக்கும் காலைலருந்து வவுறு ஒரு மாதிரியா இருக்குது கண்ணு," என்றாள் அத்தாயி.

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை அதுவரை இருந்ததில்லை. டம்ளர் தட்டோடு நின்ற மரியபுஷ்பத்தின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் பிரிஸ்கில்லாவுக்குக் கொஞ்சநஞ்சமிருந்த தயக்கமும் போய்விட்டது.

சிவசக்தி ஒரு டம்ளரை எடுத்து, நாக்கு சுடச்சுடக் குடித்து முடித்தாள். பிரிஸ்கில்லாவும் குடித்தாள். பிறகு நோட்டைத் திறந்தாள்.

"பதினோராவது ஷரத்துப்படி இந்தக் கூட்டத்துல ரெண்டு ஓட்டுங்க. மாவு மில்லுக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

சிவசக்தி மாமியாரைப் பார்க்காமல் கையைத் தூக்கினாள். பிரிஸ்கில்லாவும் தூக்கினாள்.

"அம்மிணி, வெளையாடறீங்களா? நான் முப்பது லட்சம் போட்டிருக்கறேன்," என்றார் அங்கப்பன்.

"கேட்டது ஒரு டம்ளர் காப்பிதானுங்க சார்."

"பிரிசு, கொட்டகை என்னோடது," என்றாள் அத்தாயி. "இந்தக் கண்டிசன் அந்தாளுக்குப் போட்டது. நமக்கா போட்டோம்?"

"எல்லாருக்கும்னுதானுங்கம்மா படிச்சேன். நீங்கதான் நொம்ப சந்தோசமாக் கையெழுத்துப் போட்டீங்க."

கூட்டம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. சிவசக்தி மில் சாவி வாங்கக் கிளம்பினாள். அங்கப்பன் விறுவிறுவென்று காருக்குப் போனார். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. அத்தாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடியதை, பிரிஸ்கில்லா வாசலில் நின்று பார்த்தாள்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மருவாதியே தெரியலீங்க," என்று அத்தாயி ஆரம்பித்தாள். "ஏனுங்க, ஏற்காடு வரைக்கும் என்னைய எறக்கி உட்டுருங்க. மழையா இருக்குது."

அங்கப்பன் பின் சீட்டைப் பார்த்தார். அது காலியாகத்தான் இருந்தது.

"வண்டில சாமான் ஏத்தோணுமுங்க. அடுத்த பஸ்ஸு இருக்குமுங்களே."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தலை சுற்றலெல்லாம் போயிருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காப்பியை ஊற்றி, ஆற அமரக் குடித்தார். கண்ணாடிக்கு வெளியே அத்தாயி நனைந்துகொண்டு நின்றாள். கார் போய்விட்டது.

அத்தாயி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாள். பிறகு திரும்பி லைன் வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே உள்ளே போய், இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மரியபுஷ்பம் ஒரு துண்டைக் கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தக் காப்பி இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க. ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தாரேன்," என்று பிரிஸ்கில்லா டம்ளரை எடுத்தாள். "ஓட்டுத்தான் முடிஞ்சுபோச்சுங்கம்மா."