செட்டிலானதும் பார்க்கலாம்

மும்பை தாராவியில் தோல்பை தைக்கும் தங்கபாண்டிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் "செட்டிலானதும் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே இந்த வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டான். பொல்லாத சொல் அது. சொந்தமாக மிஷின் வாங்கினால் செட்டில் என்றான், வாங்கினான். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தால் செட்டில் என்றான், கொடுத்தான். அப்புறம், ஒழுகும் தகரத்தைப் பிரித்து மாடி எடுத்தால்தான் செட்டில் என்று ஆனது. ஊரே இந்தச் சொல்லை வைத்துத்தான் ஒருவரையொருவர் எடைபோடுகிறது. தேறியவன் எவனையும் காணோம்.

எதிர்வீட்டு உமாமகேஸ்வரி ஆறு வருடமாக அவன் பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட அவனுக்கு மனசு அடித்துக்கொள்ளும். செட்டிலாகட்டும் என்று வாயை மூடிக்கொள்வான்.

அன்று அம்பர்நாத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து அவன் பட்டறையில் உட்கார்ந்தார். உமாமகேஸ்வரியைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கிறாராம். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார்.

"பையனுக்குக் கம்பெனி வேலை, சொந்த ஃபிளாட்டு. செட்டிலாயிட்டான்," என்றார். "புள்ள எப்படி தம்பி?"

தங்கபாண்டி தைத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தான். ஒரு பொய் சொன்னால் போதும், ஆள் எழுந்து போய்விடுவார். அவளைக் குறைத்துச் சொல்ல நாக்குதான் எழவில்லை.

"தங்கமான புள்ள. தையல்ல ஒரு இழை பெசகாது. கோவம் வந்தா கத்திரிக்கோல டங்குன்னு வைக்கும், பேசாது. டீய ஆறவச்சுத்தான் குடிக்கும். சாயங்காலமானா கண்ணு வலிக்கும், சொல்லாது. நாந்தான் பட்டறை லைட்ட அந்தப் பக்கமாத் திருப்பிவிடுவேன்..."

பெரியவர் அவனையே பார்த்தார். "ஒங்கள என்னன்னு கூப்பிடும்? அண்ணாச்சின்னா?"

அந்தச் சந்தில் சின்னது பெரிசு எல்லாருக்கும் அவன் அண்ணாச்சிதான். "இல்ல," என்றான். "'இந்தாங்க'ன்னு கூப்பிடும்."

அது பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற சொல் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது, காது சுட்டது. பெரியவர் அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்து முடித்தார். "நல்லாருங்க தம்பி. நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்," என்று கோபமே இல்லாமல் எழுந்து போனார்.

அவளுக்கு வந்த வரனைக் கெடுத்துவிட்டோமே என்று பதறியடித்துக்கொண்டு தங்கபாண்டி எதிர்வீட்டுக்கு ஓடினான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். உமாமகேஸ்வரி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சரி, கெடுத்தாச்சு. இப்ப என்ன செய்யப்போறீய?"

"நான் இன்னும் செட்டிலாவலையே. மழைக்கு ஒழுகுது."

"ஆறு வருசமா பாக்கேன், எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "ஒழுகாத வீட்டுக்காரங்களத் தொரத்திவிட்டுட்டுல்லா வந்திருக்கீய. இனி நான் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்க?"

தங்கபாண்டி அங்கேயே துணிக்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான். "என்னைக் கட்டிக்கிடுதியா உமா?" என்றான்.

"இதக் கேக்கவா இம்புட்டு வருசம்?" என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.