ஆறு தட்டுச் சொல்

நார்வே மொழியை எலும்பு வரை பிரித்துக் காட்டிய முதல் தமிழன் என்று வரலாறு ஒருநாள் குழந்தைவேலுவின் பெயரைக் குறித்துக்கொள்ளும். இப்போதைக்குக் குறித்து வைத்திருப்பது வார்டு ஆபீஸ். அவருக்கு முப்பத்து நாலு வயது. பர்மியப் படைக்கு ஆள் பிடிக்கும் வயதைத் தாண்ட இன்னும் ஒரு வருஷம் கிடந்தது.

க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம், ஒரு கருவாட்டுக் கிடங்கின் மாடியில் அவருடைய வகுப்பு. வாசல் பலகையில் ‘சயா ஊ குழந்தைவேலு, நார்வே மொழியறிஞர்’ என்றிருக்கும். பர்மியத்தில் ‘ஊ’ என்றால் திரு, ‘சயா’ என்றால் வாத்தியார்; வெறும் வாத்தியார் என்ற பொருளில் யாராவது அழைத்தால் முகம் சுருங்கும். அறிஞர் கற்றதெல்லாம் கைபேசியில், அதுவும் கரண்ட் இருந்த நேரத்தில்.

“கூட்டுச் சொல்லா? முதல்ல ஒட்டுன இடத்துல ஒடி. அப்புறம் துண்டு துண்டாக் கை தட்டு! ‘சீக்கே’ன்னா நோயாளி, ‘ஹூஸ்’னா வீடு. சீ-கே-ஹூஸ், ஆஸ்பத்திரி. மூணு தட்டு. ‘அர்பைட்’ வேலை, ‘தில்லாதெல்சே’ அனுமதி, நடுவுல பசை மாதிரி ஒரு ‘ஸ்’. எங்கே?”

“அர்-பைட்ஸ்-தில்-லா-தெல்-சே!”

ஆறு தட்டு. பஜனை மடம் தோற்றது. கீழே கருவாடு எடை போடுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

லைங் தாயா ஆலையில் சட்டை தைக்கும் மாணவி ரூபாதான் ஒருநாள் கேட்டாள். “சயா, சின்னச் சின்னப் பேச்சு எதுவும் சொல்லித் தரமாட்டீங்களா? வாங்க, போங்க, தண்ணி குடுங்க...”

“அதெல்லாம் ஒத்தத் தட்டு, மிஞ்சினா ரெண்டு தட்டும்மா. அதுக்கு எதுக்கு ஒரு அறிஞன்?”

நார்வேயில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் வேண்டுமாம். ஏஜெண்ட் ஜாபிர், மாடியிலேயே கணினி வைத்து நேர்காணலுக்கு ஏற்பாடு செய்தான். “நீங்கள்ளாம் போங்க. நான் போயிட்டா இங்க அந்த மொழி அநாதையாயிடும்” என்று வகுப்பில் தழுதழுத்த குழந்தைவேலு, அன்று சாயங்காலமே ஜாபிரைத் தனியாகப் பிடித்தார். “தம்பி, முதல் ஆளா என்னை விடு. வார்டு ஆபீஸ்காரன் தெருவுக்குத் தெரு வந்துட்டு இருக்கான்.”

அந்த நாள் வந்தது. மாணவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வெள்ளைத் தலை அம்மாள் ஒருத்தி சிரித்து, மூன்று வார்த்தை சொன்னாள். தட்டுவதற்குள் முடிந்துபோன வார்த்தைகள். குழந்தைவேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாள் நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னாள்.

குழந்தைவேலு கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஆறு தட்டுத் தட்டினார்.

வகுப்பு தொடங்கிவிட்டது என்று நினைத்துப் படிக்கட்டும் சேர்ந்து தட்டியது.

அம்மாளின் சிரிப்பு ஓரத்திலிருந்து கழன்றது. அடுத்துப் போன ரூபாவிடமும் அதே மூன்று வார்த்தைதான். அவள் ஆஸ்பத்திரியைத் தட்டினாள். ஒருவரும் தேறவில்லை.

“அந்தம்மா என்னதான் கேட்டுச்சு, சயா?”

“சொல்லாக்கக் கோட்பாடு. ஆழமான கேள்வி.”

“தையல் வேலைய விட்டுட்டு வந்தேன், சயா. இனி உள்ள சேக்கமாட்டாங்க.”

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் வார்டு ஆபீசிலிருந்து ஒருவன் படைப் பட்டியலோடு மாடியேறி வந்து, பர்மியத்தில் பெயர் என்ன என்று கேட்டான். குழந்தைவேலு உடனே சொல்லிவிட்டார்.

நார்வே அம்மாள் கேட்டதும் அதைத்தான்.